கேப்டனின் கிராம் கணக்கு

அவர் முதலில் நம் முகத்தைப் பார்க்க மாட்டார். பார்வை கழுத்துக்குக் கீழே இறங்கி, இடுப்பில் கொஞ்சம் நின்று, கால்வரை போய்த் திரும்பி வரும். அதற்குப் பிறகுதான் "சாப்டாச்சாக்கா?" என்பார். என் கடைக்கு அவர் முதல்முறை வந்த அன்று நான் கத்தரிக்கோலைக் கையில் எடுத்துவிட்டேன். கோலா சிலாங்கூர் பஸ் நிலையத்துக்குப் பின்னால் வருடக்கணக்காகத் தையல் கடை வைத்திருப்பவள் நான். எந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன்.

"அறுவத்தெட்டு?" என்றார்.

"என்னா அறுவத்தெட்டு?"

"கிலோக்கா. ஒன்னு கூட இருக்கலாம். ஒக்காந்து வேல செய்றவங்கல்ல."

அறுபத்தொன்பது. அந்த வாரம்தான் கிளினிக்கில் பார்த்திருந்தார்கள். ஆளைப் பார்த்ததும் எடை சொல்லும் இந்தத் திறமையை அவர் எல்லாரிடமும் காட்டுவார். மீன் விற்கிறவளிடம் காட்டுவார், கல்யாண மேடையில் மணப்பெண்ணிடம் காட்டுவார். சரியாக இருந்துவிட்டால் தலையை ஆட்டிக்கொண்டு தனக்குத்தானே சிரிப்பார். அந்தச் சிரிப்பு எனக்கு அன்றைக்கே பிடிக்கவில்லை. லோரியில் ஏற்றப்போகும் செம்பனைக் குலையைப் பார்ப்பதுபோல மனுஷியைப் பார்க்கிறவனை எப்படிப் பிடிக்கும்?

எங்கள் தாமான் குடியிருப்பில் அவருக்குக் கேப்டன் என்று பெயர். அந்தப் பெயரை அவரே தனக்கு வைத்துக்கொண்டு, ஊரார் வைத்ததாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ராவாங் பக்கம் ஒரு தொழிற்சாலையில் மெஷின் பழுது பார்த்த மனிதர். அந்த வேலையை விட்டபின் தோட்டத்தில் முன்பு ரப்பர் உலர்த்திய பழைய புகைக்கொட்டகையில் சின்ன விமானம் கட்ட ஆரம்பித்தார். ஒருத்தர் மட்டும் உட்காரக்கூடியது. அலுமினியக் குழாய்ச் சட்டம், துணி போர்த்திய இறக்கை, மூன்று சின்னச் சக்கரம், உட்காருகிறவரின் முதுகுக்குப் பின்னால் மரம் அறுக்கும் மெஷின் மாதிரி கத்தும் ஓர் எஞ்சின். இதற்கெல்லாம் பர்மிட் வேண்டாமா என்று கேட்டால், "இது சின்னதுலா, இதுக்கெல்லாம் வேணாம்" என்பார். நிஜமாகவே வேண்டாமா, இவராகச் சொல்கிறாரா என்று எங்களில் யாரும் போய் விசாரித்ததில்லை.

அன்று அவர் வந்தது வெள்ளைச் சட்டை தைக்க. தோள் இரண்டிலும் பட்டி வைத்து, ஒவ்வொரு பட்டியிலும் நான்கு பொன்னிறக் கோடு போட வேண்டுமாம்.

"எவ்ளோ நாளா பறக்கறீங்க?" என்று கேட்டேன்.

"நான் எதுக்குப் பறக்கணும்? கட்டுறவன் கீழதாங்க்கா நிக்கணும். கீழ நின்னு எஞ்சின் சத்தத்தக் கேக்க ஒரு ஆள் வேணும்லா."

பிறகு ஒருமுறை கேட்டபோது, "என் வெயிட்டுக்கு இந்த எஞ்சின் பத்தாது" என்றார். உங்கள் எடை என்ன என்று கேட்டேன். பெரிய எஞ்சின் வரட்டும், அப்போது பார்க்கலாம் என்று பேச்சை வேறு பக்கம் திருப்பிவிட்டார். அவர் அந்த விமானத்தில் ஒரு முழ உயரம்கூடப் போனதில்லை. ஆனாலும் நான்கு கோடு போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் சாப்பாட்டுக் கடைக்கும் போவார். அந்தக் கோடுகளை என் கையால் தைத்தேன் என்று நினைத்தால் இப்போதும் எரிச்சலாக இருக்கிறது.

எடையைக் குறைப்பதுதான் அவருக்கு எல்லாம். எதைப் பார்த்தாலும் ஓட்டை போடுவார். மோட்டாரின் பிரேக் மிதியில் வரிசையாக ஓட்டை. வீட்டுக் கரண்டிகளின் காம்பில் ஓட்டை. பல் துலக்கும் பிரஷ்ஷில்கூட இரண்டு ஓட்டை. "இங்க பாருங்கக்கா, இந்த ஓட்டையால மட்டும் பத்து கிராம் கொறஞ்சிருக்கு" என்று கரண்டியை என் முகத்துக்கு முன்னால் ஆட்டுவார். கரண்டி எங்கே பறக்கப்போகிறது என்று கேட்டால், "பழகணும்லா. கை பழகணும்" என்பார். சாவு வீட்டிலும் அவருக்கு இந்தப் புத்தி விடவில்லை. தோட்டத்தில் கங்காணியாக இருந்த பழைய மண்டோர் இறந்தபோது பெட்டியைத் தூக்கியவர்களில் இவரும் ஒருவர். அழுதுகொண்டு நின்ற மகளிடம் வந்து, "அப்பா அம்பதுகூட இருக்க மாட்டாரும்மா. பெட்டிதான் கனம்" என்றார். ஆறுதல் சொன்னதாக அவருக்கு நினைப்பு.

கோமதி அவருடைய மனைவி. பள்ளிக்கூடக் கேன்டீனில் வேலை. குள்ளமாக, ஒல்லியாக, பள்ளிப் பிள்ளைகளோடு வரிசையில் நின்றால் தெரியாமல் போய்விடுகிற உருவம். எனக்கு எதிர் வரிசை வீடு. அக்கா அக்கா என்று என்னிடம் ஒட்டிக்கொண்டவள். கல்யாணமான நாளிலிருந்து அவரிடமிருந்து ஒரு நல்ல வார்த்தை வாங்கியதில்லை என்று அவளே சிரித்துக்கொண்டு சொல்லுவாள். சமையல் சரியில்லை, பேச்சு சரியில்லை, புள்ளை பெறவில்லை. விமானம் வந்த பிறகுதான் அவளுக்கு அவர் கண்ணில் ஒரு மதிப்பு வந்தது. ஒரு நாள் அவளைத் தலைமுதல் கால்வரை பார்த்துவிட்டு, "நாப்பத்தொன்னு. நீதான் சரியான ஆளு" என்றாராம்.

அதைச் சொல்ல என் கடைக்கு ஓடி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "அக்கா, அவரு என்னையத்தான் ஓட்டச் சொல்றாரு" என்றாள்.

அதற்குப் பிறகு அவர்கள் வீட்டுச் சமையலறையில், அரிசி டின்னுக்குப் பக்கத்தில், ஒரு தராசு வந்து உட்கார்ந்தது. ஏறி நின்றால் முள் ஓடுகிற பழைய வகை. தினமும் காலையில் கோமதி அதில் ஏற வேண்டும். அவர் குனிந்து முள்ளைப் பார்ப்பார். முள் கொஞ்சம் நகர்ந்திருந்தால் அன்றைக்கு அவளுக்குத் தோசை ஒன்றுதான். நான் ஒருநாள் காலையில் கறிவேப்பிலை வாங்கப் போனபோது, அவள் தட்டில் இருந்த இரண்டாவது தோசையை எடுத்துத் தன் தட்டில் போட்டுக்கொண்டு சாப்பிட்டார், என் கண்ணெதிரே. "டிசிப்ளின்க்கா" என்றார், வாயில் சட்னியோடு. தோசையைக் கையால் பிய்க்காமல் சுருட்டி ஒரே வாயில் தள்ளுவார் அவர்.

நீங்கள் என்ன எடை என்று அப்போதும் கேட்டேன். சிரித்தார்.

இந்த விமானத்தை அவர் அடியிலிருந்து கட்டியதாகச் சொல்லிக்கொண்டாலும் அது உண்மையில்லை. தெலுக் இந்தானில் ஒரு பென்ஷன்காரர் பல வருடம் ஓட்டிய விமானம் அது. அவருக்கு முழங்கால் போய்விட்டதால், பிரித்துக் கட்டி இவரிடம் கொடுத்தார். நல்ல மனிதர். இரண்டு மூன்று முறை இங்கே வந்து தங்கி, நாற்காலி போட்டு ரோட்டோரம் உட்கார்ந்து, கோமதிக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்தார். மறுநடவு செய்த செம்பனை இடுப்பளவு இருந்த காலம் அது. நடுவில் நேராகப் போகும் செம்மண் ரோட்டில் அவள் முதலில் தரையிலேயே ஓட்டினாள், பிறகு ஆள் உயரத்துக்கு எழும்பி இறங்கினாள், பிறகு ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். போகும்போது தெலுக் இந்தான்காரர் கேப்டனிடம் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"நான் வச்சதுல கை வைக்காதய்யா. ஒவ்வொன்னுக்கும் காரணம் இருக்கு."

"சேச்சே, தொடக்கூட மாட்டேண்ணே" என்றார் கேப்டன். அவர் கார் முக்குத் திரும்பியதுமே ஸ்பேனரை எடுத்துவிட்டார்.

பழைய இறக்கைத் துணியை உரித்துவிட்டு மெல்லிய துணி போடுவது என்று முடிவு செய்தார். அதைத் தைத்தது நான்தான். கோமதியைத் தாங்கப்போகிற இறக்கை என்பதால் ஜீன்ஸ் தைக்கிற மாதிரி மடித்து இரட்டைத் தையல் போட்டேன். இந்தத் துணி சூடு பட்டால் சுருங்கி மேளத்தோல் மாதிரி விறைத்துக்கொள்ளும், அதற்குத் தேய்ப்புப் பெட்டி வேண்டும் என்று என் பெட்டியை வாங்கிக்கொண்டு போனார். திருப்பிக் கொடுத்தபோது அடியில் பசை காய்ந்து ஒட்டியிருந்தது. பார்க்காமல் ஒரு கல்யாண ரவிக்கைமேல் வைத்துவிட்டேன். பட்டு கருகி, முதுகில் ஒரு பழுப்புத் தழும்பு. மணப்பெண்ணின் அம்மா கடையில் நின்று என்னைத் திட்டிய திட்டு பஸ் நிலையம்வரை கேட்டது. நான் போய் அவரிடம் கேட்டேன். "பட்டு கனம்க்கா. பாலியஸ்டரா இருந்தா ஒன்னும் ஆயிருக்காது" என்றார். தப்பு என்னுடையது என்ற சொல் அந்த வாயில் வந்து நான் கேட்டதே கிடையாது.

இவ்வளவு தெரிந்தும் கோமதியை நான் ஏன் தடுக்கவில்லை என்று கேட்பீர்கள். தடுத்தேன். கன்னத்தில் அறையாத குறை. அவள்தான் கேட்கவில்லை. அவளுக்கு அது பிடித்துவிட்டது.

"அக்கா, மேல போனா ஜெராம் கடல் தெரியுதுக்கா" என்றாள் ஒருநாள், என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து. "இவ்ளோ பக்கத்துல இருக்குன்னு எனக்குத் தெரியவே தெரியாது. ஆறு வளஞ்சு போறது, நம்ம பழைய லயத்து வீடுங்க இருந்த எடம், கோயிலு, எல்லாம் சின்னச் சின்னதா. யாரும் எதுவும் சொல்ல முடியாதுக்கா மேல. சத்தம் அப்பிடி."

அவள் அப்படிச் சந்தோஷமாகப் பேசி நான் கேட்டதில்லை. அதனால் அன்றைக்கு அவளைத் திட்டாமல் விட்டுவிட்டேன்.

தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா வந்தது. விமானத்திலிருந்து கோபுரத்தின்மேல் பூ தூவ வேண்டும் என்று கேப்டனுக்கு யோசனை. ஊரே ஆஹா என்றது. அதற்குக் கோமதி கோயிலைச் சுற்றி நாலைந்து வட்டமாவது போட வேண்டும். அதுவரை அவள் அவ்வளவு நேரம் மேலே நின்றதில்லை. பூ மூட்டை இரண்டு கிலோ. அந்த இரண்டு கிலோவை எங்கே குறைப்பது என்று அவர் இராப்பகலாகக் கணக்குப் போட்டார். கோமதி அம்மனுக்கு விரதம் இருந்தாள். "நல்லதாப் போச்சு" என்றார். சாமிக்கு இருக்கிற விரதத்தைக்கூடக் கிராமாக்கிப் பார்த்த மனிதர் அவர்.

அந்த வாரத்தில்தான் என்னிடம் ஓர் ஊசி கேட்டு வந்தார். தடித்த ஊசி வேண்டும் என்றார். சாக்குத் தைக்கிற ஊசி ஒன்று கொடுத்தேன். எதற்கு என்று பார்க்கக் கூடவே கொட்டகைக்குப் போனேன். சீட்டுக்குப் பின்னால் மாட்டியிருந்த பெட்ரோல் தொட்டி, எண்ணெய் டின் அளவு பிளாஸ்டிக். அதன் மூடியில் தெலுக் இந்தான்காரர் ஒரு ரப்பர்க் குழாய் வைத்திருந்தார், கைநீளம் வளைந்து பின்பக்கம் தொங்கும். அதைப் பிடுங்கி எறிந்திருந்தார் இவர். மூடியையும் மாற்றி, ஊறுகாய்ப் போத்தல் மூடி மாதிரி சின்னதாக ஒன்று போட்டிருந்தார். நான் கொடுத்த ஊசியை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி, மூடியின் நடுவில் ஒரு குத்துக் குத்தினார்.

"உள்ள காத்துப் போறதுக்கு இது போதும்" என்றார். "கொழாய், கிளிப்பு, பழைய மூடி, எல்லாம் சேத்து அறுவது கிராம்க்கா!"

அறுபது கிராம். ஒரு முட்டையின் எடை. நான் அந்த ஊசியைத் திருப்பி வாங்கிக்கொண்டேன்.

திருவிழாவன்று விமானத்தைத் தள்ளிக்கொண்டு வந்து கோயில் முன்னால் நிறுத்தினார்கள். புது வண்டி எடுத்தால் நாம் செய்வதுதான். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம், கற்பூரம், தேங்காய். கோமதி தன் கல்யாணப் பட்டுத் துண்டை எடுத்து வந்து பக்கத்துக் கம்பியில் கட்டினாள். பூசாரி விமானத்தின் மூக்கில் ஒரு பொட்டுச் சந்தனம் வைத்தார், சக்கரங்களில் வைத்தார், போதும் என்று நகர்ந்தார். ஊரே போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றது. கேப்டனுக்கு அந்தப் பொட்டுகள் பத்தவில்லை. "படத்துல தெரியாதுலா" என்று சந்தனக் கிண்ணத்தை வாங்கி, நான்கு கோட்டுச் சட்டையோடு, கட்டைவிரலால் அள்ளி அள்ளி அப்பினார். எஞ்சின் தலையில் ஒன்று. காற்றாடி நடுவில் ஒன்று. பெட்ரோல் தொட்டியின் மூடிமேல் ஒன்று, அதன்மேல் குங்குமம்.

"சாமி காரியத்துல கஞ்சத்தனம் பண்ணக்கூடாது" என்றார், கிராம் கிராமாகப் பெண்டாட்டி சோற்றைக் குறைத்தவர்.

சந்தனம் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. கோமதி ஏறி உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினாள். காலையிலிருந்து ஒரே ஒரு வாழைப்பழம்தான் சாப்பிட்டிருந்தாள். நான்தான் உரித்துக் கொடுத்தேன். அவர் பார்க்காத நேரம் பார்த்துச் சாப்பிட்டாள்.

நன்றாகத்தான் எழும்பினாள். கோயிலை ஒரு வட்டம் சுற்றினாள். இரண்டாவது வட்டத்தில் பூ விழுந்தது. செவ்வந்தி, அரளி, கோபுரத்துமேல் கொஞ்சம், எங்கள் தலைமேல் கொஞ்சம். பெண்கள் கும்பிட்டார்கள். உருமி மேளம் ஓங்கி அடித்தது. அண்ணாந்து பார்த்து எனக்கே கண் கலங்கிவிட்டது. மூன்றாவது வட்டத்தில் எஞ்சின் இருமியது. அப்புறம் நின்றது. மேளக்காரர்கள் மேலே பார்த்துக் கையை நிறுத்தினார்கள். அந்த அமைதியில் இறக்கையின் கம்பிகளில் காற்று அடிக்கிற சத்தம் எங்களுக்குக் கேட்டது.

அவள் கத்தவில்லை. ரோட்டை நோக்கித் திருப்பினாள். ரோடு எட்டவில்லை. மறுநடவுச் செம்பனைக்குள் இறங்கி, இரண்டு கன்றுகளைச் சாய்த்து, கால்வாய்க் கரையில் மூக்குக் குத்தி நின்றது.

எல்லாரும் ஓடினோம். கேப்டன்தான் முன்னால் ஓடினார். அந்த உடம்பை வைத்துக்கொண்டு இப்படி ஓடுகிறாரே, ஆயிரம் இருந்தாலும் புருஷனாச்சே என்று அந்த ஓட்டத்திலும் நினைத்தேன். அவருக்கு நாலு எட்டுப் பின்னால் நான். கோமதி பெல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தாள். இடது கால் முழங்காலுக்குக் கீழே இருக்கக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது. மடியில் மிச்சப் பூ. "ஏங்க" என்றாள்.

அவர் அவளைப் பார்க்கவில்லை. அவள் தலைக்குப் பின்னால், ஒரு சாண் தூரத்தில், பெட்ரோல் தொட்டிக்குப் போனார். தொட்டி கன்னம் ஒட்டிப்போன மாதிரி நாலு பக்கமும் உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. மூடியைத் திருகினார். புஸ் என்று ஒரு சத்தம். தொட்டி டொப்பென்று பழையபடி உப்பியது. உடனே கம்பியில் கட்டியிருந்த கோமதியின் பட்டுத் துண்டை இழுத்து, மூடிமேல் இருந்த சந்தனத்தைத் துடைத்தார். ஒருமுறை துடைத்துவிட்டு, எச்சில் தொட்டு, இன்னொருமுறை துடைத்தார். நகத்தால் அந்த ஓட்டையைச் சுரண்டினார். அதற்குப் பிறகுதான் "கோமு!" என்று கத்தினார். அதற்குள் மற்றவர்கள் வந்துவிட்டார்கள்.

"பெட்ரோல் கசியுதான்னு பாத்தேன்" என்றார் என்னிடம், நான் கேட்காமலேயே.

அவர் என்ன செய்தார் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. ஆனால் பார்த்தது கண்ணைவிட்டுப் போகவில்லை.

ஆஸ்பத்திரியில், வலியில் அவள் துடித்துக்கொண்டிருக்கும்போது, காதுக்கருகில் குனிந்து, "மோட்டார்லேர்ந்து விழுந்தேன்னு சொல்லு, என்னா?" என்றார். அவளும் அப்படியே சொன்னாள். கொட்டகைக்கு வந்த போலீசிடம், அது திருவிழா அலங்கார வண்டி என்றார். படம் பிடித்தவர்களை வீடு வீடாகப் போய்க் கெஞ்சி அழிக்கச் சொன்னார். அறுவை முடிந்து எலும்பில் தகடு வைத்த பிறகு, வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த எங்களிடம் வந்து பெருமூச்சு விட்டார்.

"மூனு கிலோ கூடிட்டாக்கா. வாழப்பழம் தின்னுருக்கா, எனக்குத் தெரியாம. எஞ்சின் என்னா பண்ணும் பாவம்?"

எழுந்து போய்விட்டேன். வெளியே போய்த் தெலுக் இந்தான்காரருக்குப் போன் போட்டு, புஸ் சத்தத்தையும் சுருங்கிய தொட்டியையும் சொன்னேன்.

"மூடியில என் கொழாய் இருந்துச்சாம்மா?"

"இல்லய்யா. கழட்டிட்டு ஊசியால ஓட்ட போட்டாரு. அதுமேல சந்தனம் வச்சாரு."

"பெட்ரோல் கொறையக் கொறைய காத்து உள்ள போவணும். போவலன்னா தொட்டி சுருங்கும், எஞ்சினுக்குப் பெட்ரோல் வராது. சந்தனம் காஞ்சு அடச்சிருக்கு. அந்தப் புள்ள ஒரு தப்பும் செய்யல. நான் ஓட்டியிருந்தாலும் விழுந்திருப்பேன்." அப்புறம் சொன்னார்: "மூடியத் தொடச்சாருன்னா அவருக்குத் தெரிஞ்சிருக்கும்மா."

தெரிந்திருக்கிறது. அதுதான் எனக்கு இன்றுவரை ஜீரணமாகவில்லை. தெரியாமல் செய்த தப்பை மன்னிக்கலாம். கால் ஒடிந்து தொங்குகிற மனைவிக்குப் பக்கத்தில் நின்று, அவள் துண்டாலேயே தன் கட்டைவிரல் அடையாளத்தைத் துடைத்துவிட்டு, பழியை ஒரு வாழைப்பழத்தின்மேல் போட்ட மனிதர் அவர். கோமதி வீட்டுக்கு வந்ததும் ஒன்று விடாமல் சொல்லிவிட்டேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"எந்தத் துண்டுக்கா?"

"உன் கல்யாணத் துண்டுதான்டி."



கேப்டன் இப்போது இங்கே இல்லை. சித்தியவான் பக்கம் எங்கோ இன்னொரு கொட்டகை பிடித்திருப்பதாகக் கேள்வி. அங்கே யாரைத் தலைமுதல் கால்வரை பார்த்துக்கொண்டிருக்கிறாரோ, நினைத்தால் உடம்பு கூசுகிறது. போவதற்கு முன் நடந்ததைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

கோமதி கோல் ஊன்றி நடக்க ஆரம்பித்திருந்தாள். அவர் அதற்குள் விமானத்தை ஒட்டிக்கட்டி முடித்துவிட்டார். இறக்கைத் துணிதான் பாக்கி. அது சில இடங்களில் கிழிந்திருந்தது, என் தையல் மட்டும் எங்கேயும் பிரியவில்லை. கிழிந்த இடத்தை ஒட்டுப்போட்டுத் தரச் சொல்லி என் வீட்டு வாசலில் போட்டுவிட்டுப் போயிருந்தார். அதை அப்படியே தூக்கிக்கொண்டு, அவர் மூஞ்சியில் எறியத்தான் காலையில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். சமையலறையில் கோமதி ஒரு கையால் கோலைப் பிடித்துக்கொண்டு தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். அவர் நான்கு கோட்டுச் சட்டையில், தராசைக் காலால் இழுத்து அவள் பக்கம் வைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்கக்கா, நல்ல நேரத்துல வந்தீங்க. படுத்தே கெடந்ததுல எளச்சுட்டா பாருங்க. தகடு நூத்தம்பது கிராம்தான், அத வேற எடத்துல கொறச்சிடலாம்." அவளைப் பார்த்தார். "ஏறு கோமு, பாப்போம்."

கோமதி அடுப்பை அணைத்தாள். கோலின் நுனியைத் தராசின் ஓரத்தில் வைத்து மெதுவாகத் தள்ளினாள். சிமெண்டுத் தரையில் கிரீச்சென்று நகர்ந்து போய் அவர் காலடியில் நின்றது.

"நீங்க ஏறுங்க."

அவர் சிரித்தார். "எனக்கெதுக்கு? நானா ஓட்டப்போறேன்?"

"ஓட்ட மாட்டீங்கன்னு தெரியும். சும்மா ஏறுங்க. அக்காவும் இருக்காங்க, பாக்கட்டும்."

அவர் என்னைப் பார்த்தார். நான் துணி மூட்டையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வாசலை மறித்து நின்றேன். செருப்பைக் கழற்றினார். வலது காலை எடுத்துத் தராசில் வைத்தார். முள் நடுங்கிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. வெடுக்கென்று காலை எடுத்துவிட்டார்.

"பேட்டரி வீக்கா இருக்கு" என்றார்.

முள் ஓடுகிற தராசில் பேட்டரி ஏது? அவர் முகத்தைப் பார்த்தேன். வேர்த்திருந்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. முள் ஓர் எண்ணைக் காட்டிவிட்டால், அதற்கேற்ற எஞ்சின் வாங்கி நீங்களே ஏறுங்கள் என்று சொல்லிவிடுவோமே! எஞ்சினாவது வெயிட்டாவது! இந்த மனிதருக்கு மேலே போகப் பயம். அதைச் சொல்ல வாய் வராமல், தனக்குப் பதிலாக மனைவியைப் பெல்ட்டில் கட்டி மேலே அனுப்பிவிட்டுக் கீழே நின்றுகொண்டிருந்திருக்கிறார்.

"இனிமே நான் ஏற மாட்டேன்" என்றாள் கோமதி. குரல் உயரவில்லை. "ஜெராம் கடலப் பாக்க எனக்கு ஆசதான். ஆனா நீங்க கட்டுனதுல ஏற மாட்டேன். நீங்க போங்க மேல. கீழ நின்னு நான் சத்தத்தக் கேக்கறேன்."

அவர் செருப்பை மாட்டாமலே கையில் எடுத்துக்கொண்டு கொட்டகைப் பக்கம் போனார். நான் இறக்கைத் துணியை ஒரு மூலையில் போட்டேன். பிற்பாடு அதில் காய்கறிப் பை தைத்தேன், அது வேறு கதை.

கோமதி மறுபடி அடுப்பைப் பற்றவைத்தாள். பலகையை இழுத்துப் போட்டு, உடைந்த காலை நீட்டி உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்துக்கொண்டாள். "அக்கா, நீங்க ஊத்துங்க" என்றாள். நான் தோசை ஊற்றிப் போட்டுக்கொண்டே இருந்தேன். அவள் அவசரப்படாமல், சட்னியைத் தொட்டுத் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டே இருந்தாள். எத்தனை என்று நான் எண்ணவில்லை.